சொகுசு காருக்கு நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரின் நிறுவன வாரண்டி முடிய ஓரிரு மாதம் இருக்கும்போது ஷோரூமிலிருந்து அழைப்பு வரும். இந்த மாதத்துக்குள் நீட்டிப்பு வாரண்டி எடுத்தால் விலை குறைவு, அடுத்த மாதம் ஏறிவிடும் என்பார்கள். கேட்டவுடன் பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு; இதெல்லாம் வீண்செலவு என்று பேச்சை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டுமே நிபந்தனைப் புத்தகத்தைப் படிக்காமல் எடுக்கும் முடிவுகள். அந்தப் புத்தகத்தில் ‘இவை அடங்கா’ என்ற தலைப்பில் வரும் பக்கங்களைப் படித்த பிறகே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு நான் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ள ஐரோப்பிய செடான் ஒன்றைப் பழைய காராக வாங்கி, அதற்கு நீட்டிப்பு வாரண்டியும் எடுத்திருந்தேன். ஒரு நாள் காலை வண்டியை எடுக்கப் போனபோது முன்பக்க இடது மூலை தாழ்ந்திருந்தது. வலது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. இடது பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் எங்கோ அடியில் ஒரு மோட்டார் உறுமியது. ஒரு நிமிடத்துக்குள் வண்டி பழையபடி நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்துவிட்டதே என்ற நிம்மதியில் பன்னிரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். பதின்மூன்றாம் நாள் அது நிமிரவில்லை.

ஏர் சஸ்பென்ஷனில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் உறை கொண்ட ஸ்ட்ரட் என்ற கால் வண்டியைத் தாங்குகிறது. அந்த உறையில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழுந்தாலும் இரவெல்லாம் காற்று கசியும். காலையில் கம்ப்ரஸர் அதை மறுபடி நிரப்பும். எப்போதாவது சில நொடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கம்ப்ரஸர், கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிச் சூடேறிக் கருகிவிடும். என் காரில் நடந்தது அதுதான். “சார், ஸ்ட்ரட் வாரண்டில வந்துடும், கம்ப்ரஸர் வராது” என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னார். அறிகுறி தெரிந்த பிறகும் வாகனத்தை இயக்கியதால் ஏற்படும் தொடர் சேதம் அடங்காது என்று ஒரு நிபந்தனை இருந்தது. பழுது முதலில் பதிவான கிலோமீட்டர் எண்ணை ஸ்கேன் கருவி காட்டிவிட்டது. எனக்குத் தரப்பட்ட ஒற்றைப் பக்கச் சான்றிதழில் அந்த நிபந்தனை இல்லை. நான் கேட்டு வாங்காத, அவர்களும் எடுத்துக் கொடுக்காத புத்தகத்தில் இருந்தது. அவர்கள் மறுத்ததில் தவறில்லை என்பதை ஏற்கிறேன். விற்கும்போதே அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே பணம் கட்டும் முன் முழு நிபந்தனைப் புத்தகத்தையும் கேளுங்கள். அச்சுப் பிரதி இல்லை என்றால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தர மறுக்கிற இடத்தில் வாரண்டி வாங்க வேண்டாம்.

அடங்குவதும் அடங்காததும்

வாரண்டி என்பது தயாரிப்பிலோ பொருளின் தரத்திலோ இருந்த குறையால் ஒரு பாகம் பழுதானால் அதைச் சரிசெய்து தரும் வாக்குறுதி. பிரேக் பேட், டிஸ்க், டயர், வைப்பர், பில்டர், ஆயில் முதலிய தேய்மானப் பொருள்கள் எந்த நிறுவனத்திலும் அநேகமாக அடங்குவதில்லை. 12 வோல்ட் பேட்டரி, ரப்பர் புஷ், இருக்கைத் தோல், பெயின்ட் ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். டர்போ, கியர்பாக்ஸ், அதன் கட்டுப்பாட்டுக் கணினி, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார், முகப்பு எல்இடி விளக்கு, நடுத்திரை, பனோரமிக் சன்ரூப் மோட்டார், ஏர் சஸ்பென்ஷன் ஆகியவைதான் சொகுசு காரில் பெரிய பில் தரும் பாகங்கள். உங்கள் காரில் இவற்றில் எவை இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் புத்தகத்தில் பெயர் சொல்லி ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘மின்னணு பாகங்கள்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் திரையும் விளக்கும் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பலர் மூன்று தனித்தனிப் பொருள்களை ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். சர்வீஸ் பேக்கேஜ் என்பது ஆயில், பில்டர், பராமரிப்பு வேலைகளுக்கு முன்கூட்டியே கட்டும் பணம். இன்சூரன்ஸ் என்பது விபத்து, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கானது. தானாக வரும் பழுது மட்டுமே வாரண்டியில் சேரும். இந்த வேறுபாடு நம் ஊரில் மிக முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. தண்ணீரில் நின்ற காருக்கு எந்த நீட்டிப்பு வாரண்டியும் உதவாது. அதற்கு முழுமையான இன்சூரன்ஸும், அதனுடன் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவும் வேண்டும். கையில் இருக்கும் பணம் நீட்டிப்பு வாரண்டி, எஞ்சின் பாதுகாப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தாழ்வான தெருவில் குடியிருப்பவர் முதலில் அந்த எஞ்சின் பாதுகாப்பை எடுக்கட்டும்.

எலியும் அப்படித்தான். மழைக்காலத்தில் வெதுவெதுப்பான எஞ்சின் அறைக்குள் எலி புகுந்து ஒயரிங்கைக் கடித்துவிடும்; அது வெளிக்காரணம் என்பதால் வாரண்டியில் வராது. கடற்கரையோரம், குருசுக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ திறந்த வெளியில் கார் நிறுத்துபவர்கள் துருவைப் பற்றிய பத்தியைத் தனியாகப் படிக்க வேண்டும். உப்புக் காற்றால் மின் இணைப்பு முனைகளில் பச்சை பூத்து, அது சென்சார் கோளாறாக வெளிப்படும். அதைச் சென்சார் பழுது என்று ஏற்பார்களா, சுற்றுச்சூழலால் வந்த அரிப்பு என்று தள்ளுவார்களா என்பது அந்தப் பத்தியின் சொற்களைப் பொறுத்தது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக் குழாயில் டிபிஎஃப் என்ற கரித்தூள் வடிகட்டி இருக்கிறது. வண்டி சற்று வேகமாகத் தொடர்ந்து ஓடும்போதுதான் அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகும். லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கும், அங்கிருந்து வீட்டுக்குமாகவே ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பைப் பழுது என்று கொள்ளாமல் பயன்படுத்திய விதத்தின் விளைவு என்று தள்ளிவிடும் நிபந்தனைகள் உண்டு. வாரத்துக்கு ஒரு முறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய் வருவது எந்த வாரண்டியையும் விட நல்ல பலன் தரும்.

யாரிடம், எப்போது

கார் நிறுவனமே தரும் நீட்டிப்பு, டீலரோ வேறு நிறுவனமோ தரும் நீட்டிப்பு என இருவகை உண்டு. நிறுவனம் தருவது விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் நாட்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் அது செல்லும், அசல் பாகம்தான் போடுவார்கள். மற்ற வகையில் ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு, மொத்தத்துக்கு உச்சவரம்பு, பாகத்தின் வயதுக்கேற்பக் கழிவு என்று கட்டுப்பாடுகள் இருக்கக்கூடும். அவற்றைப் படித்துப் பொறுத்துப்போகிறது என்றால் எடுக்கலாம். நான் எடுக்க மாட்டேன்.

அடுத்து, உங்கள் காருக்கான சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், கடலூரிலிருந்து இன்னும் இருபத்தைந்து. ஓட முடியாமல் நிற்கும் காரை டோ செய்யும் செலவு யாருடையது, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதை எழுத்தில் பெறுங்கள். இதைக் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

எப்போது வாங்குவது என்று முடிவு செய்ய, உங்கள் கார் எதுவரை ஏற்கெனவே காக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும். பல சொகுசு கார்களுக்கு நிறுவன வாரண்டி இரண்டு அல்லது மூன்று ஆண்டு. லெக்சஸ் 2024 ஜூன் முதல் விற்ற புதிய கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை தருகிறது. அப்படிப்பட்ட காருக்கு இந்தக் கேள்வியே எழாது. நீட்டிப்பைப் பொதுவாக நிறுவன வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க விலை படிப்படியாக ஏறும். எந்தத் தேதிக்கு எந்த விலை என்ற பட்டியலை வாங்கிக்கொண்டால் ‘இன்றே கடைசி நாள்’ என்ற பேச்சு உங்களை அசைக்காது. கார் வாங்கும் நாளிலேயே கடன் தொகையோடு சேர்த்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நான்காம் ஆண்டில் தொடங்கும் பாதுகாப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு

கணக்குக்காக, இரண்டு ஆண்டு நீட்டிப்பின் விலை 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 32,400 சேர்த்தால் 2,12,400. மாதத்துக்கு 8,850 ரூபாய். உங்கள் உண்மையான தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில், முன்பு எழுதி வைத்த பாகங்களில் நான்குக்கு உழைப்புக் கூலியோடு எஸ்டிமேட் கேளுங்கள். நான்கில் எந்த ஒன்று பழுதானாலும் வாரண்டித் தொகையைத் தாண்டிவிடும் என்றால் எடுப்பதில் பொருள் இருக்கிறது. இரண்டு மூன்று பாகங்கள் ஒன்றாகப் பழுதானால்தான் தாண்டும் என்றால் நான் எடுக்க மாட்டேன்.

அதே 8,850 ரூபாயை மாதம் தோறும் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பழுதே வராவிட்டால் பணம் வட்டியோடு உங்களுடையது. ஆனால் மூன்றாம் மாதமே கியர்பாக்ஸ் போனால் கையில் 26,550 ரூபாய்தான் இருக்கும். நான்கு லட்சம் பில் வந்தாலும் கடன் வாங்காமல் கட்டிவிட முடிகிறவருக்கு வாரண்டி கட்டாயமில்லை. கஷ்டப்பட்டுத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது, அவர்தான் பெரும்பாலும் அதைத் தவிர்க்கவும் செய்கிறார்.

எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் ஆண்டிலேயே மாற்றிவிடுகிறவர் இதைத் தொட வேண்டாம். ஆறேழு ஆண்டு வைத்திருப்பவர், அதிலும் ஏர் சஸ்பென்ஷனோ இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸோ உள்ள காரை வைத்திருப்பவர், நிறுவனத்தின் நீட்டிப்பை எடுப்பது நல்லது என்றே நினைக்கிறேன். மின்சாரக் காரில் பேட்டரிக்குத் தனி வாரண்டி இருக்கும்; நீட்டிப்பு மற்ற பாகங்களுக்குத்தான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

புதுச்சேரியில் சாலை வரி குறைவாக இருந்த காலத்தில் இந்த ஊரின் பிஒய்-01 எண்ணில் பதிவான சொகுசு கார்கள் பல, இன்று பழைய கார்ச் சந்தையில் கிடைக்கின்றன. பதிவு இங்கே என்றாலும் ஓடியதும் சர்வீஸ் ஆனதும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கலாம். அந்தக் காரைக் கடலூருக்குக் கொண்டுபோய் டிஎன்-31 எண்ணுக்கு மாற்றினாலும் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது; அது நம்பர் பிளேட்டைப் பின்தொடர்வதில்லை, 17 எழுத்து கொண்ட சேசிஸ் எண்ணைப் பின்தொடர்கிறது. அந்த எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். உரிமையாளரின் ஒப்புதல் கேட்டால் விற்பவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். இடையில் ஒரு சர்வீஸ் தவறியிருந்தாலோ வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்தாலோ கிளெய்ம் மறுக்கப்படலாம். பழைய உரிமையாளர் எடுத்த நீட்டிப்பு உங்கள் பெயருக்கு மாறுமா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பணம் கைமாறும் முன் கேட்க வேண்டும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், எச்சரிக்கை விளக்கு எரிந்த அன்றே படம் எடுத்து, கிலோமீட்டர் எண்ணும் தேதியும் தெரிய சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுங்கள். ஓட்டலாமா நிறுத்தலாமா என்ற அவர்களின் பதிலையும் சேமித்து வையுங்கள். நான் பன்னிரண்டு நாள் செய்யாதது அதுதான். கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமற்ற மறுப்பு என்று பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். டீலர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை.

வாரண்டி முடியும் மாதத்துக்கு முந்தைய மாதம் காரை ஒரு முழுப் பரிசோதனைக்கு விடுங்கள். அடியில் ஆயில் கசிவு, சஸ்பென்ஷன் சத்தம், ஸ்கேனில் தங்கியிருக்கும் பழைய பிழைக் குறிகள் என அனைத்தையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, கையெழுத்திட்ட பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.