மகனுக்கு ஷூ எடுக்க பஸ் ஏறும் முன்பு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் வீட்டில் காசு இருக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் என் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பல நாள் மரத்தில் கத்தி வைக்க முடியாது. நோட்டு, பை, சீருடை, ஷூ எல்லாம் அதே வாரத்தில்தான் வரும். அதனால் ஷூவுக்கு எவ்வளவு என்பதைக் கடையில் நின்று முடிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டேன். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறுகிறோம்.

முதலில் வரவிலிருந்து தொடங்குங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு, ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூவுக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல் போவதில்லை. உங்கள் வீட்டில் அது ஒரு நாள் சம்பளமாக இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். எதுவானாலும் கைமாற்று வாங்காமல், சீட்டுப் பணத்தில் கைவைக்காமல் கொடுக்க முடிகிற தொகையாக இருக்கட்டும். ஐப்பசி மழை விட்டதும் பால் நன்றாக இறங்கும். அப்போதே வாரம் 100 ரூபாய் என்று பத்து வாரம் எடுத்து வைத்தால் ஜூனில் நெஞ்சு படபடக்காது. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் சமயம் பால் குறைந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஏறக்குறைய 210 நாள். 840 ரூபாய் ஷூ வருஷம் முழுக்கக் காலுக்குச் சேர்ந்தால் நாளுக்கு 4 ரூபாய். 3,150 ரூபாய் ஷூ என்றால் 15 ரூபாய். ஆனால் பன்னிரண்டு வயசுப் பையனின் கால் நமக்காகக் காத்திருக்காது. அதே விலை ஷூ அரை வருஷத்தில் கடிக்கத் தொடங்கினால் நாளுக்கு 30 ரூபாய் ஆகிவிடுகிறது. இதை மகனையே காகிதத்தில் போடச் சொன்னேன். நான் வாயால் சொன்னதைவிட அவன் கையால் வகுத்தது அவனுக்கு நன்றாகப் புரிந்தது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, பணக் கணக்கு எளிது. கஷ்டமானது மற்றது.

போன வருஷம் ஏழாம் வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம், மூத்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, எல்லாவனும் அந்த பெரிய கம்பெனி ஷூதான் போட்டுட்டு வாறானுவ. என் காலப் பாத்து சிரிக்கானுவ" என்றான். எனக்குச் சுருக்கென்றது. உடனே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனம், அதெல்லாம் நமக்கு ஆகாது என்று அதட்டிவிடலாம் என்று ஒரு மனம். இரண்டும் செய்யாமல், "யாரு மக்கா சிரிச்சா? எப்ப?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் வகுப்பில் எத்தனை பேர் அந்த ஷூ போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி வரச் சொன்னேன். 38 பேரில் ஆறு பேர்.

இந்த இடத்தில் பெரியவர்கள் நாம் ஒரு தப்பு செய்வோம். "பாத்தியா, ஆறு பேருதான்" என்று அவன் வாயை அடைத்துவிடுவோம். நான் அந்த ஆறு பேர் யார் என்று கேட்டேன். அவனோடு கிரிக்கெட் ஆடுகிற கூட்டமே அதுதான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு 'எல்லாரும்' என்றால் அந்த ஆறு பேர்தான். இது தெரிந்த பிறகு பேச்சு வேறு மாதிரி போயிற்று. வகுப்பில் போடும் கறுப்பு ஷூவைப் பற்றி ஒருவனும் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பெல்லாம் மைதானத்தில்தான். அவன் பழைய விளையாட்டு ஷூவை எடுத்துப் பார்த்தேன். வலது ஷூவின் முன்பக்கம் அடி விட்டுப்போய், அவன் நடக்கும்போது வாய் திறந்து மூடியது. இது என் கண்ணில் படாமல் போயிருக்கிறது. கிழிந்த ஷூவோடு பிள்ளையை அனுப்பிவிட்டு மனசைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வது நியாயம் இல்லை. அப்படி இருந்தால் அந்த வாரமே வேறு வாங்கிக் கொடுங்கள், மற்றச் செலவைத் தள்ளிப் போட்டாவது.

ஆனால் எந்த ஷூ என்பது வேறு கேள்வி. நான் 1,200 ரூபாய் தருவேன், அதற்கு மேல் வேண்டுமென்றால் மிச்சம் உன் பொறுப்பு என்றேன். சனிக்கிழமைகளில் அப்பாவோடு போய், பால் பிடிக்கும் சிரட்டையிலும் மரத்தின் வெட்டுப்பட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்த்தான். அதன் நாற்றம் கையைவிட்டு லேசில் போகாது. அதை விற்ற காசில் அவன் பங்காக ஐந்து வாரத்தில் 500 ரூபாய் சேர்ந்தது. கடைக்குப் போனபோது கூட்டாளிகள் போடும் ஷூ எட்டாத விலையில் இருந்தது. அவனே 1,650க்கு வேறொன்றை எடுத்தான், மீதி 50 ரூபாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அதை அவன் தேய்த்துத் துடைத்து வைத்த மாதிரி நான் வாங்கிக் கொடுத்த எதையும் வைத்ததில்லை.

அதே கம்பெனிப் பெயர் போட்ட பர்ஸ்ட் காப்பி ஷூவை 600 ரூபாய்க்கு எடுத்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு முந்தின வருஷம் நான் எடுத்தேன். பிள்ளைகளுக்கு எழுத்தின் வளைவைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. விலை குறைந்த ஷூவுக்கு ஒரு சிரிப்பு என்றால் போலிக்கு இரண்டு சிரிப்பு. அதைவிடப் பெயர் தெரியாத, உறுதியான ஷூ எவ்வளவோ மேல்.

இனி கால். சாயங்காலம் அளந்து பாருங்கள், பகல் முழுக்க ஓடியபின் கால் சற்று வீங்கியிருக்கும். தினத்தாளில் நிற்க வைத்து இரண்டு காலையும் பென்சிலால் வரைந்து வெட்டிக் கடைக்குக் கொண்டுபோகிறேன். ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். கடையில் உள்ளே கிடக்கும் மெத்தையை உருவ முடிந்தால் உருவி, அதன்மேல் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். இரண்டு வருஷம் வரட்டும் என்று பெரிதாக எடுத்தால் குதிகால் வழுக்கி, தோல் உரிந்து, கடைசியில் போடவே மாட்டார்கள். நம்மூர்க் கடைகளில் வழக்கமாக வருகிற பிரிட்டிஷ் அளவில் 13க்குப் பிறகு மறுபடி 1 வரும். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஷூவைக் கையில் பிடித்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம்.

பெரிய அளவை முன்கூட்டி வாங்கி வைப்பதும் வேண்டாம். துபாயிலிருந்து என் அண்ணன், தன் மருமகனான என் மூத்தவனுக்கென்று நல்ல விலையில் ஒரு ஷூ கொண்டுவந்தான். கால் வளரட்டும் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்தோம். இரண்டு வருஷம் கழித்து கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போட எடுத்தபோது மேலே புதுசு, அடி மட்டும் விரல் பட்டதும் ரஸ்க் போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த அடி காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்ல உடைந்துபோகும். வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற நம் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். அன்று மகன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஷூ போட்டுத் தேய்க்கத்தான்.

நனைந்தால் அடுப்படியில் வைக்காதீர்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஒருமுறை என் வீட்டுக்காரர் தொங்கவிட்டார், பசை இளகி அடி பிரிந்துவிட்டது. உள்மெத்தையை உருவி, தினத்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரவில் ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும். புது ஷூ வாங்கிய வாரமே செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து அடியைச் சுற்றித் தைத்துவிடுவது நல்லது. எனக்கு 100 ரூபாய் ஆயிற்று, இதுவரை விட்டுப்போகவில்லை.

இளையவளுக்கு அரசுப் பள்ளியில் விலையில்லாக் காலணி கிடைத்துவிடுகிறது. அவளுக்கும் அண்ணனைப் பார்த்து ஆசை வரத் தொடங்கியிருக்கிறது. அரையாண்டு லீவில் இரண்டு பேர் காலையும் மறுபடி வரைந்து, பழைய தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கே அவளோடு பேசிவிடலாம் என்று இருக்கிறேன்.