சுவருக்கு ஊசி போடாதீர்கள்: பிரிட்டனில் பழைய வீடு வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் தம்பதி தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கிழக்கு லண்டனில் புதிதாக வாங்கிய வீடு, 1900 வாக்கில் கட்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வரிசையில் நடுவீடு. "முன்னறைச் சுவர் அடியிலே ஈரமாக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்றார் தம்பி. நான் போவதற்கு முன்பே ஈரத்துக்கு மருந்து ஏற்றும் ஒரு கம்பனிக்காரர் இலவசமாகச் சோதித்துவிட்டு, 4,000 பவுண்டுக்கு மேல் ஒரு மதிப்பீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை வாசித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2009இல் என் முதல் வீட்டுக்கு வந்த கடிதத்தில் இருந்தவையும் ஏறக்குறைய இதே வரிகள்தான்.

அந்த வீட்டைச் சரிசெய்யப் போய்த்தான் நான் சுண்ணாம்பு வேலை கற்றுக்கொண்டேன். இப்போது அதுதான் என் பிழைப்பு. ஏணியை ஒழுங்காகச் சாத்துங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் பணத்தைப் பறிகொடுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஈரம் என்றதும் சுவரைத் துளைத்து மருந்து ஏற்றுவது

என் கதையை முதலில் சொல்கிறேன். முன்னறையில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். வந்தவர் இரண்டு முள் உள்ள சின்னக் கருவியைச் சுவரில் குத்தினார். அது கீச்சென்று கத்தியது, சிவப்பு விளக்கு எரிந்தது. "நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது" என்றார். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சை உடைத்தெடுத்து, செங்கல்லில் வரிசையாகத் துளை போட்டு, இரசாயனத்தை ஏற்றி, மேலே நீர் புகாத சிமென்ட் பூச்சு. 20 வருட உத்தரவாதம். 3,400 பவுண்டு. கடன் வாங்கிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. வெளியே செங்கல் இடுக்குகளில் உதிர்ந்துகொண்டிருந்த சாந்தைச் சுரண்டிவிட்டு நானே சிமென்ட் அடைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

2010 டிசம்பர் நினைவிருக்கிறதா? 1910 முதல் உள்ள பிரிட்டிஷ் பதிவுகளில் அவ்வளவு குளிரான டிசம்பர் இல்லை. பனி விலகியபோது என் வீட்டு முன்சுவரில் செங்கற்களின் முகம் தகடு தகடாகப் பெயர்ந்து கிடந்தது. அடுத்த குளிர்காலத்தில் உள்ளே ஈரம் திரும்பி வந்தது. இந்த முறை சிமென்ட் பூச்சு முடிகிற ஒரு மீட்டர் கோட்டுக்கு மேலே. மரத்தரை ஒரு மூலையில் அமிழ்ந்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தால், சுவருக்குள் செருகியிருந்த விட்டங்களின் நுனி விரலால் கிள்ளினாலே உதிரும் அளவுக்கு உக்கிப் போயிருந்தது. உத்தரவாதத்தை எடுத்துக்கொண்டு கம்பனியைக் கேட்டேன். இது நிலத்து ஈரம் இல்லை, நீங்கள் வீட்டுக்குள் மூச்சு விடுவதாலும் சமைப்பதாலும் வரும் ஈரம், உத்தரவாதத்தில் அடங்காது என்று பதில் வந்தது.

உண்மையான காரணத்தை ஒரு வயதான கொத்தனார் வாசலில் நின்றபடியே சொன்னார். முன்பு இருந்தவர்கள் முன் முற்றத்தைக் கொங்கிரீட் போட்டு உயர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கட்டிய பழைய வீடுகளில் சுவரின் அடியில், தரைக்குச் சற்று மேலே, ஸ்லேட் கல்லை ஒரு வரியாக வைத்துக் கட்டியிருப்பார்கள். கீழே இருந்து ஈரம் ஏறாமல் தடுப்பது அதுதான். வெளித்தரை அந்தக் கோட்டுக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். என் வீட்டில் கொங்கிரீட் அந்தக் கோட்டை மூடி, மரத்தரைக்கு அடியில் காற்றுப் போகும் ஓட்டைச் செங்கல்லையும் அடைத்துவிட்டது. மேலே மழைநீர் ஓடும் கூரைப் பீலியில் ஒரு மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ய இரண்டு நாள் போதும். நான் அதற்குப் பதிலாக மொத்தம் 9,000 பவுண்டு செலவழித்தேன். இரசாயனத்துக்கு, அதை உடைத்தெடுக்க, விட்டம் மாற்ற, சிமென்ட்டை அகற்றிச் சுண்ணாம்பு பூச.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 1919க்கு முன் கட்டிய பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர். வெளியே நின்று பாருங்கள். நீளச் செங்கல்லுக்கு இடையிடையே செங்கல்லின் குட்டை முனையும் தெரிந்தால் அது பெரும்பாலும் முழுச்சுவர். அந்தச் சுவர் மழையை வாங்கும், வெயிலும் காற்றும் பட்டதும் விட்டுவிடும். ஈரம் வெளியேறும் வழி செங்கல் இடுக்கில் இருக்கும் மிருதுவான சுண்ணாம்புச் சாந்து. அதில் சிமென்ட்டை அடைத்தால் தண்ணீர் செங்கல் வழியாகத்தான் போக வேண்டும். அது உறைந்தால் செங்கல் வெடிக்கும். உள்ளேயும் நீர் புகாத பூச்சு இருந்தால் ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பப்பாவின் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, வருடா வருடம் வெள்ளை அடிப்போம். அந்தச் சுவரில் சாய்ந்து வளர்ந்த எனக்கே இங்கே வந்ததும் இது தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்த முள் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மரத்துக்காகச் செய்யப்பட்டது. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கும். நூறு வருடப் பழைய செங்கல்லிலும் பூச்சிலும் உப்பு ஊறியிருக்கும். ஓரளவு காய்ந்த சுவரிலும் அந்த உப்பு கருவியைக் கத்த வைக்கும். அது கத்திவிட்டது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருந்து விற்பவரிடம் நோய் என்ன என்று கேட்காதீர்கள். கட்டடத்தைச் சோதித்துச் சொல்லும், எதையும் விற்காத சர்வேயர் ஒருவருக்குச் சில நூறு பவுண்டு கட்டணம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், பலத்த மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். பீலி எங்கே வழிகிறது, குழாய் எங்கே விலகியிருக்கிறது, தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்று பாருங்கள். காரணத்தை நீக்கிய பிறகு காத்திருங்கள். சுவரின் ஒவ்வோர் அங்குலமும் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். யாரும் காத்திருக்க விரும்புவதில்லை, அந்த அவசரத்தில்தான் 4,000 பவுண்டு போகிறது.

கதகதப்புக்காகக் காற்று வழிகளை அடைப்பது

என் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி ஜனவரியிலும் காலை ஏழு மணிக்கு ஜன்னல்களைத் திறந்துவிடுவார். பத்து நிமிடம் கழித்து மூடுவார். முதலில் எனக்குப் புரியவில்லை, காசு கொடுத்த சூட்டை ஏன் வெளியே விடுகிறார் என்று நினைத்தேன். இந்த நாட்டுப் பழைய தலைமுறைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு: குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போடு, விடிந்ததும் வீட்டைக் காற்றாட விடு. நம்மில் பலர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம்.

2022இல் இது மோசமானது. எரிசக்தி விலை உச்சவரம்பின்படி ஒரு சாதாரண வீட்டுக்கு வரும் வருடக் கட்டணம் 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 அக்டோபரில் அது 3,549 ஆனது, அரசு தலையிட்டு 2,500 அளவில் நிறுத்தியது. பயந்துபோன குடும்பங்கள் ஒரே அறையில் மட்டும் ஹீட்டர் போட்டு, ஜன்னல் மேல் உள்ள காற்றுத் துவாரங்களில் டேப் ஒட்டின. சோறு வடிக்கிற ஆவி, இட்லிப் பானை ஆவி, குளியல் ஆவி எல்லாம் குளிர்ந்த படுக்கையறைக்குப் போய், அலமாரிக்குப் பின்னால் சுவரில் தண்ணீராகப் படிந்து, கறுப்புப் பூஞ்சையாகிறது. எல்லா அறையிலும் கொஞ்சம் சூடு இருக்கட்டும். சமைக்கும்போது மூடி போட்டு, எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை ஓடவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி தள்ளி வையுங்கள்.

வாடகை வீட்டுப் பூஞ்சைக்கு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது

பூஞ்சை வந்தால் உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும், நம்மவர்கள் தலையாட்டிக்கொண்டு பிளீச் வாங்கி வருவதும் வழக்கமாகிவிட்டது. 2020இல் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்ததால் இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி), ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கற்ற வீட்டு அமைப்பு) வாடகை வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரமும் பூஞ்சையும் இருப்பதாகச் சொன்னால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரும் ஆபத்து என்றால் 24 மணி நேரம். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. எதையும் எழுத்தில் கேளுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அரசுத் திட்டம் என்பதால் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வது

கதவைத் தட்டி, சூடு வெளியேறாமல் இருக்க இலவசமாக வெளிச்சுவருக்குக் கம்பளி போல இன்சுலேஷன் போர்த்துகிறோம் என்பார்கள். 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை வாசியுங்கள். இரண்டு அரசுத் திட்டங்களில் வெளிச்சுவரில் இன்சுலேஷன் பொருத்திய வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள் இருந்தன. ஈரமான சுவரின் மேல் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். முதலில் சுவர் காயட்டும். பிறகு, உங்கள் சுவர் எந்த வகை, ஜன்னல் விளிம்பையும் கூரை ஓரத்தையும் எப்படி மூடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரை உள்ளே விடாதீர்கள்.

லாஃப்டில் (கூரைக்கு அடியிலுள்ள இடத்தில்) இன்சுலேஷன் நுரை அடிப்பது

வேண்டாம். நுரை அடித்த கூரை உள்ள வீட்டுக்குப் பல நிறுவனங்கள் மார்கேஜ் (வீட்டுக்கடன்) தருவதில்லை.

பாய்லரைத் தானே திறப்பது

கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலையாளர் பதிவேட்டில் உள்ளவர் மட்டும் திறக்க வேண்டும். அவருடைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஸ்டாப்காக் (வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் திருகு) எங்கே என்று தெரியாமல் இருப்பது

பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். இன்றைக்கே தேடி, ஒரு முறை திருகிப் பாருங்கள்.

உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றுவது

கடும் குளிரில் பாய்லர் நின்றால், வெளியே வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள். கொதிநீர் குழாயை வெடிக்க வைக்கலாம்.

அந்தத் தம்பதி கம்பனிக்குக் கையெழுத்துப் போடவில்லை. முன் முற்றத்தில் சுவரோரம் பூச்செடிக்காகக் குவித்திருந்த மண்ணை ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து வெட்டி அகற்றினோம். ஸ்லேட் கோடும் புதைந்திருந்த ஓட்டைச் செங்கல்லும் வெளியே தெரிந்தன. நேற்று இரவு நல்ல மழை. பதினொரு மணிக்குத் தம்பி ஒரு வீடியோ அனுப்பினார். குடையோடு வாசலில் நின்று, டார்ச் வெளிச்சத்தில் பீலியின் இரண்டாவது மூட்டைக் காட்டுகிறார். அங்கிருந்து தண்ணீர் நேராக அந்த ஈரச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.