ஃபேனின் 'டிக்' சத்தம்: ஐந்து நாள் கழித்துக் கிடைத்த விடை

படுக்கையறை ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் 'டிக்… டிக்…' என்றது. வேகம் கூட்டினால் காற்றிரைச்சலில் அமுங்கிவிடும். இறக்கை ஸ்க்ரூக்களை முறுக்கினேன், எண்ணெய் விட்டேன், கெப்பாசிட்டரையும் மாற்றினேன். பலனில்லை. எலக்ட்ரீஷியன் பேரிங் போச்சு என்றார்.

அதை மாற்றுவதற்கு முன், ஓர் இறக்கையில் சிவப்பு டேப் ஒட்டிச் சுற்றை எண்ணினேன். 20 சுற்றுக்குச் சரியாக 20 டிக். பேரிங் குண்டுகள் ஃபேனின் வேகத்தில் சுற்றுவதில்லை. அவற்றில் கோளாறு என்றால் கணக்கு இப்படிப் பொருந்தாது. அப்போ ஏதோ ஒன்று சுற்றுக்கு ஒருமுறை உரசுகிறது.

சுவிட்சை அணைத்து, ஸ்டூலில் ஏறிக் கையால் மெல்லச் சுற்றினேன். ஃபேன் தொங்கும் கம்பியில், மோட்டாருக்குச் சற்று மேலே இருக்கும் கிண்ண வடிவ மூடி (கீழ்க் கிண்ணம்) நழுவி இறங்கியிருந்தது. மோட்டார் மூடியின் சின்ன மேடு அதன் விளிம்பைத் தொட்டது, ஒரு தாள் கனத்துக்குத்தான்! ஆனால் மெல்லிய தகடு, இரும்போடு இரும்பு. தொடுகை நொடிப்பொழுதுதான் என்பதால் கூர்மையான ஒலி. இடையில் துணியை வைத்துப் பார்த்தேன்: தொடுகை நீண்டு, 'டிக்' மங்கி 'தொப்' ஆனது.

அப்புறம் கிண்ணத்தை அரை அங்குலம் ஏற்றி ஸ்க்ரூவை இறுக்கினேன். அன்றிரவே நிம்மதியாகத் தூங்கினேன்.