ஃபின்ச் வாங்குறப்ப கலரப் பாக்காதீங்க, முதுகப் பாருங்க

போன தை மாசம் சம்பா அறுப்பு நடந்துக்கிட்டு இருந்தப்ப பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் ஃபின்ச்சுன்னு சொல்ற தானியம் தின்னுற சின்னக் குருவி ரெண்டக் கூண்டுல வச்சுக்கிட்டு வந்து நின்னான். "மாமா, ஆப்பிரிக்கன் சில்வர்பில் ஒரு ஜோடி, ஞாயித்துக்கிழமை சந்தையில வாங்குனேன், எப்ப முட்டை வைக்கும்னு பாத்துச் சொல்லுங்க"ன்னான். உள்ள ரெண்டு குருவியும் கம்பியில முட்டி முட்டி அலகுக்கு மேல காயமாயி இருந்துச்சு. ஒண்ணு இந்தக் குச்சியிலேருந்து அந்தக் குச்சிக்குத் தாவுனப்ப வாலுக்கு மேல பளிச்சுன்னு வெள்ளை தெரிஞ்சுது, எனக்கு மனசே சரியில்லாமப் போச்சு. அது ஆப்பிரிக்காவுலேருந்து வந்த பறவை இல்ல, நம்ம மன்னார்குடி பக்கம் கருவேலஞ்செடி ஓரத்துலயும் களத்துமேட்டுலயும் சிந்துன தானியம் பொறுக்கிக்கிட்டுத் திரியிற வெண்தொண்டைச் சில்லை.

நம்ம ஊர்ல சின்னதா இருக்குற எல்லாத்தையும் நெல்லுக்குருவி, சிட்டுக்குருவின்னு சொல்லிப் பழகிட்டோம், விக்கிறவங்களுக்கு அதுதான் வசதியா இருக்கு. பேர மாத்திச் சொன்னா வயக்காட்டுல வலை போட்டுப் புடிச்சது ஃபாரின் ஃபின்ச் ஆயிடுது. அதனால எங்கெங்க ஏமாந்து போறோம்னு தெரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல இந்த சில்வர்பில் விஷயம், ஏன்னா இதுல தப்பு பண்றவங்கதான் அதிகம். நம்ம வெண்தொண்டைச் சில்லையும் ஒரு சில்வர்பில்தான், அதுவும் ஆப்பிரிக்கனும் ரெண்டு ஜாதியும் மண்ணு கலரு, வெள்ளை வயிறு, வெள்ளி மாதிரி தடிச்ச அலகு, கறுத்த கூர்வாலு. கொஞ்சகாலம் முன்னாடி வரைக்கும் ஆராய்ச்சி பண்றவங்களே ரெண்டையும் ஒரே இனமா வச்சிருந்தாங்கன்னா நமக்குக் கொழம்புறதுல ஆச்சரியம் இல்ல. கடையில எல்லாரும் முகத்தையும் நெஞ்சையும்தான் பாக்குறாங்க, அங்க பாத்தா ஒண்ணும் தெரியாது. வாலு ஆரம்பிக்கிற எடத்துக்கு மேல, முதுகோட அடிப்பக்கத்தப் பாக்கணும். அங்க வெள்ளையா இருந்தா நம்ம ஊர்ப் பறவை, கறுப்பா இருந்தா ஆப்பிரிக்கன். உக்காந்திருக்குறப்ப றெக்கை நுனி வந்து அந்த எடத்த மூடிக்கும், அதனால பறக்குற நேரத்துல போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க, கையில புடிச்சு றெக்கைய விரிச்சுப் பாக்குறேன்னு அதப் பயமுறுத்த வேண்டாம். இன்னொண்ணும் இருக்கு, ஆப்பிரிக்கனுக்குக் கிட்டக்கப் போயிப் பாத்தா றெக்கை மேல ரொம்ப மெல்லிசா குறுக்குக் கோடு ஓடும், நம்மளுதுல அது இருக்காது. ஆனா வெளிச்சம் கம்மியான கடையில இது கண்ணுக்குச் சிக்காது, முதுகு வெள்ளையத்தான் நம்பணும்.

இதுல ஏன் இவ்வளவு கண்டிப்பா இருக்கேன்னா, 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டு சில்லைகளப் புடிக்கிறது, விக்கிறது, வாங்குறது, கூண்டுல வச்சிருக்குறது எல்லாமே குத்தம். தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னாலும் கூண்டு உங்க வீட்டுலதானே இருக்கு. அதுக்கும் மேல, காட்டுலேருந்து புடிச்ச குருவி கூண்டுக்குள்ள பாதிக்கு மேல பயத்துலயே செத்துப்போறத நான் பாத்திருக்கேன், தினைய வாயில வைக்காம மூலையிலயே ஒடுங்கிக்கிட்டு கிடக்கும். பையன்கிட்டயும் அதத்தான் சொன்னேன், அன்னைக்கே வனத்துறைக்குப் போன் பண்ணி ஒப்படைச்சோம்.

அடுத்தது பெங்காலீஸ். பேரப் பாத்துட்டு இது வங்காளத்துக் குருவின்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, காட்டுல எங்கயுமே கெடையாது, ஜப்பான்ல ஒரு 250 வருஷமா வீட்டுல வளத்து வளத்து உண்டாக்குன பறவை. அதோட மூதாதை வெண்முதுகுச் சில்லையோட சீனத்து வகை. அதனாலதான் சாக்லேட் கலர் பெங்காலீஸையும் நம்ம பக்கத்து வெண்முதுகுச் சில்லையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு மாதிரியே இருக்கும். இங்க முதுகு வெள்ளை உதவாது, ரெண்டுக்குமே இருக்கும், அதனால வயித்துக்குப் போகணும். நம்ம தெக்கத்தி வெண்முதுகுச் சில்லைக்கு நெஞ்சு வரைக்கும் கறுப்புப் பழுப்பு, அதுக்குக் கீழ கோடு கிழிச்ச மாதிரி நின்னுபோயி சுத்தமான வெள்ளை. பெங்காலீஸுக்கு வயித்துல சின்னச் சின்னதா செதில் மாதிரி கோலம் இருக்கும், வெள்ளை சுத்தமா இருக்காது. உடம்பெல்லாம் அங்கங்க வெள்ளைத் திட்டு இருந்தா கண்ண மூடிக்கிட்டு பெங்காலீஸ்னு சொல்லலாம். நடத்தையும் பாருங்க, பெங்காலீஸ் நீங்க தண்ணி வைக்கக் கைய விட்டாக்கூட நகராம உக்காந்திருக்கும், காட்டுக் குருவி அப்படி இருக்கவே இருக்காது. ஜப்பான்ல கசுவோ ஒகனோயான்னு ஒரு ஆராய்ச்சியாளர் பெங்காலீஸ், காட்டு வெண்முதுகுச் சில்லை ரெண்டோட பாட்டையும் ஒப்பிட்டுப் பாத்து, வீட்டுல வளந்ததோட பாட்டுதான் ரொம்ப சிக்கலான கோர்வைன்னு காட்டியிருக்காரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, காலையில எங்க வீட்டுத் திண்ணையில அது பாடுறப்பெல்லாம் ஞாபகம் வரும்.

இப்ப பழுப்புக் குஞ்சுங்க. புள்ளிச் சில்லை பெருசானா நெஞ்சுல மீன் செதில் மாதிரி அழகா இருக்கும், கருந்தலைச் சில்லைக்கு கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, நடுவுல கறுப்பு, யாருக்கும் கொழப்பம் வராது. ஆனா ரெண்டோட இளம் பறவையும் தலையிலேருந்து வாலு வரைக்கும் ஒரே பழுப்பு, அலகு மட்டும் கறுத்து நீலம் ஓடுனாப்ல இருக்கும். இதத்தான் கடையில "கிரீம் முனியா", "ஃபான் ஃபின்ச்"னு என்னென்னமோ பேருல தள்ளிவிடுறாங்க, இல்லாட்டி பச்சை மஞ்சள்னு சாயம் பூசிடுறாங்க. சாயம் பூசுனது தெரியணும்னா அலகு ஓரத்தையும் காலையும் பாருங்க, அங்க அதே கலரு ஒட்டியிருக்கும், றெக்கைக்கு அடியில கலரு ஏறியிருக்காது, ஈரப் பஞ்சுல லேசாத் தொட்டா பஞ்சுல ஏறும். நம்ம ஊர்ச் சில்லை எதுவும் உடம்பு முழுக்க ஒரே சீரா கிளிப்பச்சையா இருக்காதுங்க. தூக்கணாங்குருவிப் பொட்டையையும் இந்தக் கூட்டத்துல கலந்து வைக்கிறாங்க, அதுக்கு முதுகெல்லாம் கறுப்புக் கீத்து இருக்கும், கண்ணுக்கு மேல வெளிறுன புருவம் இருக்கும், சில்லையவிட நல்லாவே பெருசு. பனமரத்துல கூடு தொங்குறதப் பாத்து வளந்தவங்ககூட கூண்டுக்குள்ள பாத்தா மாத்திச் சொல்றாங்க.

ஸ்ட்ராபெரி ஃபின்ச்சுன்னு விக்கிறது நம்ம சிவப்புச் சில்லை, கொள்ளிடக் கரை நாணலுக்குள்ள இருக்குற பறவை. இதுவும் நம்ம நாட்டுது, வாங்கக் கூடாது. அமண்டாவான்னு இதோட அறிவியல் பேரு, அந்தக் காலத்துல அகமதாபாத்லேருந்து வெளிநாட்டுக்குக் கப்பல்ல ஏத்துனதால அந்த ஊரு பேரே ஒட்டிக்கிச்சு. சிவப்பா இல்லையே, அப்ப வேற ஜாதின்னு நெனைக்கிறதுதான் இங்க நடக்குற தப்பு. ஆம்பளைக்கே இனப்பெருக்கக் காலத்துல மட்டும்தான் அந்தச் சிவப்பு, மத்த நேரம் பொட்டை மாதிரியே பழுப்பாயிடும். எந்தக் காலத்துலயும் வாலுக்கு மேல சிவப்பும் றெக்கையில வெள்ளைப் புள்ளியும் இருக்கும், அத வச்சுக் கண்டுபுடிச்சிடலாம்.

வெள்ளைக் குருவிங்களுக்கு அலகு ஒண்ணே போதும். வெள்ளை ஜீப்ரா ஃபின்ச்சுல பொட்டைக்கு ஆரஞ்சு, ஆம்பளைக்கு நல்ல செவப்பு. வெள்ளை பெங்காலீஸுக்கு வெளிறுன ரோஸ். ஜாவா குருவிக்கு மொகத்துலயே பாதி அலகுதான், தடிச்சு செவந்து இருக்கும், கண்ண சுத்தி வளையமும் செவப்பு, ஆளும் பெருசு. ஜாவா சொந்த நாட்டுலயே அழிஞ்சுக்கிட்டு வர்ற பறவை, அழியிற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறதக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதனால வாங்குறவங்க எங்க பொரிச்சதுன்னு காகிதத்தோட வாங்குங்க, வனத்துறையோட பரிவேஷ்ங்கிற இணையத் தளத்துல பதிவும் பண்ணுங்க.

ஜீப்ராக் குஞ்சுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் அலகு கறுப்பாத்தான் இருக்கும், இது வேற ஜாதி கலந்துருச்சுன்னு பயந்து ஒருத்தர் தாய்க்கிட்டேருந்து பிரிச்சு வச்சு ரெண்டு குஞ்சு செத்துப்போச்சு. பொறுமையா இருங்க, செவந்துரும். ஆம்பளை பொட்டை பாக்குறதுல ஜீப்ரா சுலபம், பெங்காலீஸும் ஜாவாவும் பாத்தா தெரியாது, பாடுனா ஆம்பளை, அவ்வளவுதான். பெங்காலீஸ் கூடு வைக்கிற பானையில பத்து முட்டைக்கு மேல கெடந்து ஒண்ணுகூட கரு புடிக்கலைன்னா உள்ள இருக்குறது ரெண்டும் பொட்டை.

எல்லா ஜாதியையும் ஒரே பெரிய கூண்டுல விடுறத மட்டும் செய்யாதீங்க. பெங்காலீஸ் சில்வர்பில்லோட சேரும், ரெண்டு சில்வர்பில்லும் ஒண்ணுக்கொண்ணு சேரும், அதுல வர்ற குஞ்சுக்கு முதுகு வெள்ளையும் இல்லாம கறுப்பும் இல்லாம அழுக்கா இருக்கும். அப்புறம் நான் மேல சொன்ன எந்த அடையாளத்த வச்சும் அத என்னன்னு சொல்ல முடியாது, வாங்குற அடுத்த ஆளும் ஏமாந்து போவாரு.

யாருக்காவது படம் அனுப்பிக் கேக்குறதா இருந்தா முன்பக்கம் ஒண்ணு மட்டும் அனுப்பாதீங்க, எனக்கு வர்றதுல முக்காவாசி அப்படித்தான் வருது. பின்னாலேருந்து வாலும் முதுகும் தெரியிற மாதிரி ஒண்ணு, வயிறு தெரியிற மாதிரி ஒண்ணு, அலகு கிட்டக்க ஒண்ணு, காலை வெயில்ல எடுங்க, டியூப்லைட்டுல எடுத்தா கலரு மாறிடும். கூடவே ஒரு அரை நிமிஷம் சத்தத்தையும் பதிஞ்சு அனுப்புங்க.