குன்னூர் மாணவர்களுக்குக் கமலா சோஹோனியை அறிமுகப்படுத்தும் முறை

பிறந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டாம். ஓர் உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள். நீலகிரிப் பிள்ளைகள் தோட்டங்களில் காணும் அந்தக் கிழங்கை ஆராய்ந்துதான், கேம்பிரிட்ஜில் படித்த உயிர்வேதியியலாளர் கமலா, செல் சுவாசத்தில் எலக்ட்ரான்களைக் கடத்தும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் தாவரங்களிலும் உண்டு என்று காட்டி, 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். நறுக்கிய துண்டின்மீது மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஆசிரியரே சில சொட்டுகள் விட்டு, நுரை எழுவதைக் காட்டலாம். ஆனால் அது சைட்டோகுரோம் சி-யின் வேலையன்று, கேட்டலேஸ் என்னும் நொதியின் வேலை என்பதை மறவாமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து 1933-க்கு வாருங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பெண் என்பதற்காகவே அதன் இயக்குநராக இருந்த சி. வி. ராமன் முதலில் இடம் மறுத்ததையும், கமலா விடாது போராடி நிபந்தனைகளின் பேரில் சேர்ந்ததையும் மழுப்பாமல் கூறுங்கள். ராமன்மீது நமக்குள்ள மதிப்பு இதற்குத் தடையாகக் கூடாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பிறகு மாணவர்களைக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் அருகே அழைத்துச் செல்லுங்கள். 1918-இல் அங்கே ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப்பிரிவு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்ததையும், அதில் கமலா உதவி இயக்குநராக வைட்டமின்களை ஆராய்ந்ததையும், 1958-இல் அந்த ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்ததையும் அவ்விடத்திலேயே நின்று விளக்குங்கள். மும்பையில் அவர் நீரா என்னும் புளிக்காத பனஞ்சாற்றின் சத்துகளை ஆராய்ந்ததை மறுநாள் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.