கட் தெரியாமல் இருக்க: அசைவை இரண்டு ஷாட்டிலும் முழுசாக எடுங்கள்

ஒரு காட்சியை வைட் (தூரத்திலிருந்து), குளோசப் (முகத்துக்கு நெருக்கமாக) என இரண்டு ஷாட்டாகப் பிரித்து எடுக்கும்போது, நடிப்பவரின் அசைவைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த ஷாட்டில் மிச்சத்தைத் தொடராதீர்கள். இரண்டு ஷாட்டிலும் அதே அசைவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்யச் சொல்லுங்கள். அசைவுக்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடி கேமரா ஓடட்டும்.

பார்ப்பவர் கண் அசைவின் பின்னாலேயே போகும் என்பதால் நடுவில் விழும் கட், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், உறுத்தாது. ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார் என்றால், வைட் ஷாட்டில் முழங்கால் மடங்கி உடம்பு கீழே இறங்கத் தொடங்கியதும் வெட்டுங்கள். குளோசப்பில் அவர் முகம் திரைக்குள் மேலிருந்து இறங்கி வந்து நிற்கட்டும். ஒட்டவில்லையா? வெட்டும் இடத்தை இரண்டு மூன்று ஃபிரேம் (வீடியோவில் உள்ள ஒற்றைப் படம்) முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இரண்டிலும் முழு அசைவு இருந்தால்தான் இப்படி நகர்த்த இடம் கிடைக்கும். அப்புறம், எந்தக் கையால் நாற்காலியைப் பிடித்தார் என்பதை ஒருவர் குறித்துக்கொள்வது நல்லது. கை மாறினால் எங்கே வெட்டினாலும் தெரியும்.

இரண்டு ஷாட்டுக்கும் கோணமும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இது பலிக்காது, படம் துள்ளும். கேமராவை நடிப்பவரைச் சுற்றிக் குறைந்தது 30 டிகிரியாவது நகர்த்துங்கள், இல்லை ஷாட் அளவை நன்றாக மாற்றுங்கள். திரும்பச் செய்யச் சொல்ல முடியாத ஆவணப்படக் காட்சிகளுக்கும், படம் துள்ளட்டும் என்று வேண்டுமென்றே வைக்கும் ஜம்ப் கட்டுக்கும் இது பொருந்தாது.