பிக்கப்பில் வந்த விசில் சத்தம்: என் அனுபவம்

திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குச் சுமையோடு போகும்போது என் டீசல் பிக்கப்பில் விசில் சத்தம். நிற்கும்போது அக்சிலேட்டரை மிதித்தால் வராது. பாரம் இழுக்கும்போதுதான் வரும், கூடவே கறுப்புப் புகை. கராஜில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். பலனில்லை. அப்புறம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவே போய்விட்டது என்றார்கள். ஆனால் அதன் தண்டில் தேய்மானத்தைக் காட்டும் ஆட்டமே இல்லை, அதனால் மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

கடைசியில் டேர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். மேலே புதிது மாதிரி இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும், எண்ணெய் ஈரத்தில் தூசி ஒட்டிய ஒரு கோடு. அந்த இடத்தை வளைத்ததும் வெடிப்பு வாய் திறந்தது! அழுத்தம் ஏறும்போது மட்டும் அது விரிந்து காற்று கசிந்திருக்கிறது; எஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்ததால்தான் புகையும். புது ஹோஸ், புது கிளிப் போட்டதும் சத்தம் நின்றது. பெரிய நிம்மதி.